முதல் ஆறு கோழிகளுக்கு எந்தக் கூடு?

கோழி வளர்க்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, கூடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கூட்டுக்குள் சேரும் ஈரம் எந்த வழியாக வெளியேறப்போகிறது? முட்டையிடும் பருவத்துக் கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். ஆறு கோழி என்றால் எச்சத்தில் மட்டும் தினமும் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் உள்ளே விழுகிறது. மூச்சில் வரும் ஈரம், தண்ணீர்க் கிண்ணத்தில் சிந்துவது, மழைச்சாரல் எல்லாம் தனிக்கணக்கு. ஈரம் தங்கினால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பிக் கோழியின் மூச்சுக்குழாயை அரிக்கும், சளி பிடிக்கும். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த கூளத்தில்தான் வீரியம் பெறுகிறது. முதல் ஆண்டில் கோழிகளை இழப்பவர்களில் பலருக்குக் காரணம் தீனிக் குறைவு அல்ல. இரவில் நுழைந்த விலங்கு, இல்லையென்றால் இந்த ஈரம்.

ஆகவே கீழே உள்ள ஒப்பீட்டில் மூன்றே அளவுகோல்கள்: எது உலர்ந்திருக்கும், எதற்குள் இரவில் எதுவும் நுழையாது, எதன் கடைசி மூலை வரை உங்கள் கை எட்டும்.

கணக்குக்கு ஆறு பெட்டைக்கோழிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்குக் குறைவாக வளர்க்கக்கூடாது. கோழி கூட்டமாக வாழும் பறவை, இரண்டில் ஒன்று போனால் மற்றது ஒண்டியாகிவிடும். பத்தைத் தாண்டினால் பழகாத கைக்குப் பாரம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை.

தள்ளுகூடு, பரண் கூடு, தரைக்கூடு

தள்ளுகூடு என்பது அடிப்பக்கம் திறந்த நீளக் கூண்டு. ஒரு முனையில் கோழிகள் அடையும் பெட்டி, மறுமுனை வலை, கீழே சக்கரம். தினமும் காலையில் ஒரு கூண்டு நீளம் முன்னால் தள்ளினால் கோழிக்குப் புதுப் புல்லும் புழுபூச்சியும் கிடைக்கும், எச்சம் பரவலாக விழுந்து உரமாகும், நேற்றைய எச்சத்தில் உள்ள குடற்புழு முட்டைகளை விட்டுக் கோழி விலகிப் போகும். கடைசியாகச் சொன்னது பெரிய நன்மை, தரைக்கூட்டில் இது கிடையாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தள்ளக்கூடிய அளவு என்பது கிட்டத்தட்ட 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. பகல் முழுக்க அதற்குள்ளேயே இருக்கும் கோழிக்குத் தலைக்கு 10 சதுர அடி வேண்டும் என்றால் மூன்று கோழிக்குத்தான் இது கட்டும். ஆறுக்குப் பெரிதாக்கினால் இரண்டு பேர் இல்லாமல் நகராது, நகராத தள்ளுகூடு சேற்றுக் கூண்டாகிவிடும். மேடுபள்ளமான நிலத்தில் அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குல இடைவெளி விழுந்தாலும் அது கீரிக்கும் எலிக்கும் வாசல்தான். சமதளப் புல்வெளி, மூன்று கோழி, தவறாமல் காலையில் தள்ள ஓர் ஆள் – இந்த மூன்றும் இருந்தால் மட்டும் தள்ளுகூட்டை எடுங்கள்.

பரண் கூடு தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு வரம். 3 அடி உயரக் கால்களின் மேல் ரீப்பர் அடித்த தரை, ரீப்பர் ஒன்றரை அங்குல அகலம், இடுக்கு ஓர் அங்குலம். எச்சம் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும், கோழி எச்சத்தை மிதிக்காது, கீழிருந்து காற்று வரும். வெப்பமான இடத்தில் இது ஒரு சுகம், குளிர்ந்த இடத்தில் அதே காற்று குளிர்வாடையாக அடிவயிற்றில் அடிக்கும். ரீப்பரின் மேல் ஓரங்களைக் கட்டாயம் இழைத்து மழுக்குங்கள். ரீப்பருக்குப் பதிலாக வெறும் கம்பிவலைத் தரை போட்டால் வேலை சுலபம், ஆனால் கனமான இனக் கோழிகளுக்கு உள்ளங்காலில் புண் விழுந்து அது கட்டியாகும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளின் கால் ஓர் அங்குல இடுக்கில் சிக்கும், அந்த வயதில் விடுவதாக இருந்தால் தரையின் மேல் பாய் விரிக்க வேண்டும்.

பரண் கூட்டில் பலர் கட்டி முடித்த பிறகே உணரும் குறை கை எட்டாமைதான். கதவுக்கு வெளியே நின்றபடி உள்ளே நீட்டினால் கை எட்டுவது இரண்டரை அடி. கூடு 4 அடி ஆழம் இருந்து ஒரே பக்கம் கதவு வைத்தால் பின்னால் ஒன்றரை அடி உங்களுக்குச் சொந்தமில்லாத இடம். நோய்ப்பட்ட கோழி சரியாக அங்கேதான் போய் ஒடுங்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு அகலக் கதவு, இல்லையென்றால் இரண்டரை அடிக்கு மேல் ஆழம் வேண்டாம். கீழே குவியும் எச்சத்தின் மேல் வாரம் ஒரு முறை இரண்டு அங்குலத்துக்கு உமியோ உலர்ந்த சருகோ தூவாவிட்டால் ஈப்புழு நெளியும். சுரண்டி இழுக்க நீளப்பிடி வைத்த பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். கால்களை 2 அடிக்குக் குறைத்துவிட்டால் அந்தப் பலகையும் உதவாது, தவழ்ந்துதான் போக வேண்டும்.

தரைக்கூடு ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் நிலத்தோடு கட்டுவது. தரையில் கூளம், கோழி அதன் மேலேயே புழங்கும். உள்ளே 6 அடிக்கு 4 அடி, தலைக்கு 4 சதுர அடி வரும். அதை ஒட்டி அதே 6 அடி அகலத்தில் 10 அடி நீளத்துக்கு வலைமுற்றம், தலைக்கு 10 சதுர அடி. முன்பக்கம் 7 அடி உயரம், பின்பக்கம் 6 அடி. மரமும் தகரமும் மற்ற இரண்டைவிடக் கூடுதலாக இழுக்கும், ஒருமுறை கட்டினால் இடம் மாற்ற முடியாது. ஆனாலும் முதல் கூடு கட்டுபவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நிமிர்ந்து நின்று கூட்டலாம், எந்தக் கோழியையும் கையால் பிடிக்கலாம், முக்கியமாக, கூளம் ஈரத்தைத் தானே கையாளும். நிலத்தில் மழைத் தண்ணீர் தேங்கும் என்றால் மட்டும் பரண் கூட்டுக்குப் போங்கள்.

கூளம் எப்படி வேலை செய்கிறது

மரச்சீவல், உமி, நறுக்கிய வைக்கோல் மூன்றில் மரச்சீவல் முதல் இடம், உமி இரண்டாவது. வைக்கோல் மூன்றாவதுதான், அது அடைபோல் படிந்து கீழே பூஞ்சை பிடிக்கும். பொடி மரத்தூள் வேண்டாம், குஞ்சுகள் தீனி என்று கொத்தும், தூசி மூக்கில் ஏறும். முதலில் 4 அங்குலம் பரப்புங்கள். 24 சதுர அடிக்கு இது 8 கன அடி, சுமார் 225 லிட்டர். பிறகு வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு முறை மேலே கொஞ்சம் சேர்த்துச் சேர்த்து 6 முதல் 8 அங்குலம் வரை கொண்டுபோகலாம்.

எச்சத்தில் நைட்ரஜன் அதிகம், மரச்சீவலில் கார்பன் அதிகம். இரண்டும் காற்றோட்டத்தோடு கலந்தால் நுண்ணுயிர்கள் எச்சத்தை மக்கச் செய்யும், ஈரம் ஆவியாகும். காற்று இல்லாமல் கட்டிபட்டால் மக்குவது நின்று அழுகல் தொடங்கும். அதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை முள்கரண்டியால் புரட்ட வேண்டும். கோழியே கிளறிப் பாதி வேலையைச் செய்துவிடும், தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியும் அடையும் கம்புக்கு நேர் கீழேயும்தான் நீங்கள் கை வைக்க வேண்டியிருக்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அள்ளிவிட்டுப் புதிது போடலாம், அடியில் இரண்டு அங்குலம் பழையதை விட்டுவைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் புதுக் கூளத்தில் வேலையை உடனே தொடங்கும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடுவிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, விரல்களை விரியுங்கள். உள்ளங்கையில் லேசான குளுமை தெரிந்து, பிடி மெல்ல உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டைபோல் விரல் தடத்தோடு அப்படியே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது, புரட்டி உலர்ந்த சீவல் சேர்க்க வேண்டும். பிடிக்கவே பிடிக்காமல் தூசியாகப் பறந்தால் மிகையாக உலர்ந்துவிட்டது, அதுவும் கோழியின் மூச்சுக்கு நல்லதல்ல. அம்மோனியாவுக்குச் சோதனை மூக்குதான். காலையில் கதவைத் திறந்ததும் கோழியின் தலை உயரத்துக்குக் குந்தி ஒரு மூச்சு இழுங்கள். முதல் மூச்சில் தெரிவதுதான் கணக்கு, சில நிமிடம் உள்ளே நின்றுவிட்டால் மூக்கு பழகிப்போய் ஒன்றும் தெரியாது.

அடித்தரையைச் சுற்றுப்புறத்தைவிட 6 முதல் 9 அங்குலம் உயர்த்தி மண்ணை இடித்துக் கெட்டியாக்குங்கள். சிமெண்ட் தரை போட்டால் எலி தோண்டாது, கழுவலாம், ஆனால் கூளத்தின் ஈரம் கீழே இறங்க வழியில்லை. எலித்தொல்லை கடுமையாக உள்ள இடத்தில் சிமெண்ட், மற்ற இடத்தில் மண்தரையே போதும். கதவுக்கடியில் 10 அங்குல உயரப் பலகை ஒன்றைக் குறுக்கே வையுங்கள், இல்லாவிட்டால் கூளம் முழுக்க வாசலுக்கு வெளியே வந்துவிடும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவு கூளம் உயர உயரச் சிக்கிக்கொள்ளும்.

வலை: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை மலிவு, வளைக்கச் சுலபம். ஆனால் அது கோழியை உள்ளே வைத்திருக்கும் வலை, விலங்கை வெளியே நிறுத்தும் வலை அல்ல. நாய் பல்லால் கிழித்துவிடும், கீரி கண் வழியாக நுழையும், பூனை முன்காலை உள்ளே விட்டு, வலையோரம் தூங்கும் கோழியைப் பிடித்து இழுக்கும். அரை அங்குலச் சதுரக் கண், 19 கேஜ் தடிமன், துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் (குறுக்கு நெடுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த வலை) – கோழி இரவு அடையும் பகுதியில் திறப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதுதான் வேண்டும். சிறு பாம்பும் சுண்டெலியும் அரை அங்குலத்திலும் நுழையும். அந்தத் தொல்லை உள்ள இடத்தில் தரையிலிருந்து 2 அடி உயரம் வரை கால் அங்குலக் கண் வலை இன்னொரு அடுக்கு போடலாம்.

கோழிகள் பகலில் மட்டுமே இருக்கும் வலைமுற்றத்தில் கொஞ்சம் தளர்த்தலாம். கீழ் 3 அடிக்கு வெல்டு மெஷ், அதற்கு மேலும் கூரைக்கும் ஓர் அங்குல அறுகோண வலை. பருந்துக்கும் வல்லூறுக்கும் அது போதும். இரவில் முற்றத்துக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள சிறு கதவை மூடுவீர்கள் என்ற உறுதி இருந்தால் மட்டும் இந்தத் தளர்வு பொருந்தும்.

வலை எந்த முகத்தில் அடிக்கப்படுகிறது என்பது பெரிய விஷயம். சட்டத்தின் வெளிமுகத்தில் அடித்தால், வெளியிலிருந்து நாய் முட்டும்போது வலை சட்டத்தின் மேலேயே அழுந்தும். உள்முகத்தில் அடித்தால் ஒவ்வொரு முட்டலும் ஆணியைப் பிடுங்கும். யூ-ஆணி வலையை இடத்தில் நிறுத்தத்தான், தாங்குவதற்கு அல்ல. ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, தலைக்கு அகல வாஷர், அல்லது வலையின் மேல் ஒரு ரீப்பரை வைத்து முடுக்கிவிடுங்கள்.

தோண்டி நுழைவதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. வலையை மண்ணுக்குள் ஓர் அடி செங்குத்தாகப் புதைப்பது ஒன்று. சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக 2 அடி அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மேலே மண்ணோ கல்லோ போடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் மேல். விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. பள்ளம் வெட்டும் வேலையும் மிச்சம். கூடும் முற்றமும் சேர்ந்து 6 அடிக்கு 14 அடி, சுற்றளவு 40 அடி. நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு அடி சேர்த்து 48 அடி வலை வாங்குங்கள்.

தாழ்ப்பாள் வெறும் கொக்கியாக இருக்கக்கூடாது, நாய் முட்டி முட்டியே அதைக் கழற்றிவிடும். தாழ்ப்பாளை இழுத்து அதன் துளையில் ஒரு வளையக் கொண்டியும் மாட்டுங்கள்.

கூரையும் காற்றும்

தகரம், ஓலை இரண்டையும் ஒப்பிட்டால் ஓலைதான் குளுமை, ஆனால் எலி, பாம்பு, உண்ணி எல்லாவற்றுக்கும் அது வீடு. தகரம் நீடிக்கும், கழுவலாம், வெயிலில் கொதிக்கும். 30 டிகிரியைத் தாண்டியதும் கோழி வாயைத் திறந்து இளைக்கத் தொடங்குகிறது, அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. தகரத்தின் மேல்பக்கம் வெள்ளை பூசி, அடியில் வெப்பம் தடுக்கும் தாள் ஒட்டினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். முன்னால் 2 அடி, மற்ற மூன்று பக்கமும் ஓர் அடி இறவாரம் நீட்டுங்கள். 8 அடி நீளத் தகரம் சரிவோடு இதற்குத் தாராளமாகப் போதும். சரிவு பின்பக்கம் இருக்கட்டும், தண்ணீர் முற்றத்தில் விழாது. நெளித்தகரத்தில் ஸ்க்ரூவை மேட்டில் ரப்பர் வாஷரோடு போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும்.

காற்றுக்குத் தலைக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும். முன்சுவரின் உச்சியில் 6 அடி நீளத்துக்கு ஓர் அடி அகலத் திறப்பு விட்டாலே ஆறு சதுர அடி ஆகிவிடும், பின்சுவர் உச்சியில் அரை அடி விட்டால் காற்று ஊடுருவும். இவை இரவிலும் எப்போதும் திறந்தே இருக்கட்டும். அடையும் கோழியின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், உடம்பின் மேல் நேராக அடிக்கக்கூடாது. குளிர் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுவது தவறு. உலர்ந்த குளிரைக் கோழி தாங்கும், கொண்டையில் உறைபனி கடிப்பது பெரும்பாலும் ஈரக் காற்றில்தான். வெப்பமான பகுதியில் முன்சுவரை 2 அடிக்கு மேல் முழுக்க வலையாகவே விட்டு, சாரலுக்கு மட்டும் திரை தொங்கவிடலாம். கூட்டின் 6 அடிப் பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக உள்ளே இறங்காது.

அடையும் கம்பும் முட்டைப் பெட்டியும்

கம்பு 2 அங்குல அகல மரம், ஓரம் மழுக்கியது. இரும்புக்குழாய் வழுக்கும். கோழிக்கு 10 அங்குலம் வீதம் ஆறுக்கு 5 அடி, சுவருக்குச் சுவர் 6 அடிக் கம்பு ஒன்றே போதும். தரையிலிருந்து 2 அடி உயரம், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. படிப்படியாகப் பல உயரத்தில் வைத்தால் எல்லாமே உச்சிக்கம்புக்கு அடித்துக்கொள்ளும். கம்பை ஆணி அடிக்காமல் இரு முனையிலும் யூ வடிவப் பள்ளத்தில் உட்காரவையுங்கள். அந்த முனைகளில்தான் சிவப்பு உண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இருட்டியபின் கம்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் தாளை அழுத்தித் தேயுங்கள். சிவப்புக் கீற்று விழுந்தால் உண்ணி இருக்கிறது, கம்பைக் கழற்றிக் கொதிநீரை ஊற்ற வேண்டும்.

முட்டைப் பெட்டி ஓர் அடிச் சதுரத்தில் இரண்டு போதும், நான்கைந்து கோழிக்கு ஒன்று கணக்கு. முன்னால் 4 அங்குல வரம்பு, மேல்பலகை நல்ல சரிவு, கட்டாயம் அடையும் கம்பைவிடத் தாழ்வு. பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதிலேயே அடைந்து எச்சமிட்டு நாறடிக்கும்.

எந்த வயதில் வாங்குவது

ஒருநாள் குஞ்சு விலை குறைவு, கையில் நன்றாகப் பழகும். ஆனால் முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து ஐந்தாறு வாரம் காக்க வேண்டும். பல இனங்களில் பாதி சேவலாகவும் அமையலாம். கூடு கட்டவே இப்போதுதான் கற்பவருக்கு இது இரட்டைச் சுமை.

முட்டைக்கு வரும் தறுவாயில், 17 அல்லது 18 வாரத்தில் வாங்கினால் சில வாரத்தில் முட்டை. ஆனால் அந்த நேரத்தில் உடம்புக்குள் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கும். பயணம், புது இடம், புதுத் தண்ணீர் எல்லாம் அதன்மேல் விழும்போது முட்டைக்கு வருவது தள்ளிப்போவதும் இறகு உதிர்வதும் நடக்கும். கம்பே இல்லாத கூண்டில் வளர்ந்ததாக இருந்தால் அந்த வயதில் ஏறி அடையப் பழக்குவதும் சிரமம்.

நடுவில் 12 முதல் 14 வாரத்து விடைக்கோழி, அதாவது முட்டைக்கு வராத இளம்பெட்டை. இதுதான் முதல் கூட்டுக்கு ஏற்றது. இறகு முழுதாக முளைத்துவிட்டதால் தனி வெப்பம் வேண்டாம், பெரும்பாலான இனங்களில் சேவலா பெட்டையா என்று கொண்டையிலும் கழுத்து, வால் இறகிலும் தெரிந்துவிடும், முதல் முட்டைக்கு முன் நிலைகொள்ள ஒன்றிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. ஆறையும் ஒரே இடத்தில், ஒரே வயதில், ஒரே நாளில் வாங்குங்கள். தவணையில் வாங்கினால் ஒவ்வொரு முறையும் கொத்துச் சண்டை புதிதாகத் தொடங்கும், நோயும் கூட வரும். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது, இப்போது என்ன தீவனம் என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண் தெளிவாக, மூக்கு உலர்ந்து, கால் செதில் வழவழவென்று, பின்பக்க இறகு சுத்தமாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

எப்போது கொண்டுவருவது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. அந்தியில் கொண்டுவந்து இருட்டில் நேராகக் கம்பில் வைத்தால், கோழி காலையில் அங்கேயே கண்விழித்து அதைத் தன் இடமாக எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் கொண்டுவந்தால் வெளிச்சத்தில் தண்ணீரையும் தீனியையும் கண்டுபிடிக்க ஒரு பகல் கிடைக்கும். பயணம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றாலோ வெக்கை என்றாலோ விடியற்காலைதான் சரி, தாகத்தோடு ஓர் இரவைக் கழிக்க விடக்கூடாது. பக்கத்திலிருந்து வருகிறதென்றால் அந்தி.

வந்ததும் முதலில் தண்ணீர். ஒவ்வொன்றாகப் பிடித்து அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுவிடுங்கள். அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாய் பொருத்தியிருந்தாலும் முதல் சில நாள் திறந்த கிண்ணம் ஒன்றும் இருக்கட்டும், பழகாத கோழி குழாயடியில் நின்றபடியே தாகத்தில் வாடும். கிண்ணத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் கூளம் விழாது, சிந்தாது. வளர்ந்தபின் நாளைக்கு ஒன்றுக்குக் கால் லிட்டர் குடிக்கும், கடும் வெயிலில் இருமடங்காகும். பழைய தீவனத்தையே தொடர்ந்து கொடுத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். தீனித் தொட்டி எதிரெதிர் மூலையில் இரண்டு வையுங்கள், ஒன்றே இருந்தால் வலுத்த கோழி மற்றதை அண்டவிடாது.

முதல் மூன்று நான்கு நாள் கூட்டுக்குள்ளேயே அடைத்திருங்கள், முற்றம் வேண்டாம். முதல் இரவு போய்ப் பார்த்தால் ஆறும் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். அடியில் இருப்பதற்கு மூச்சு முட்டும். மங்கிய விளக்கோடு போய், ஒவ்வொன்றையும் இரு கையாலும் சிறகோடு அணைத்துத் தூக்கி, கம்பின் மேல் மார்பு படும்படி வையுங்கள். கால் விரல்கள் தாமாகவே கம்பைப் பற்றிக்கொள்ளும். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாததால் திரும்ப இறங்காது. தூக்கும்போதே கழுத்தடியில் இறைப்பையைத் தொட்டுப் பாருங்கள்: தீனி தின்ற கோழிக்கு அது சிறு எலுமிச்சைபோல் உருண்டு நிற்கும், தட்டையாகத் தொங்கினால் அந்தக் கோழி பகல் முழுக்கத் தின்னவில்லை. மறுநாள் அதன்மேல் ஒரு கண் வையுங்கள். நான்கைந்து இரவில் பெரும்பாலானவை தாமே ஏறிவிடும், மிச்சம் ஒன்றிரண்டைத்தான் தூக்க வேண்டியிருக்கும். முட்டைப் பெட்டி வாயைப் பலகையால் அடைத்துவையுங்கள், இப்போது அது திறந்திருந்தால் படுக்கை அறையாகிவிடும்.

ஐந்தாம் நாளிலிருந்து பகலில் முற்றம். இரண்டு வாரம் முழுதாக முடிந்த பிறகே வெளியே மேயவிடலாம், அதுவும் முதலில் பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பு. இருட்டுவதற்குள் அடையும் இடம் தேடும் பழக்கமே அவற்றை உள்ளே கொண்டுவந்துவிடும். ஒவ்வொரு முறை தீனி வைக்கும்போதும் ஒரு டப்பாவைக் குலுக்குங்கள், வாரத்தில் அந்தச் சத்தத்துக்கு ஓடிவரப் பழகும்.

முதல் இரண்டு நாள் எச்சம் இளகிப் போவது பயணத்தால், பயப்பட வேண்டாம். எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாலோ அது வேறு, உடனே தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சில நாளைக்குக் கொத்துச் சண்டை நடக்கும். அது வரிசை ஏற்பாடு, இரத்தம் வராதவரை குறுக்கிடாதீர்கள். இரத்தம் வந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவை எல்லாம் சேர்ந்து அதே இடத்தைக் கொத்தும், காயம்பட்டதை ஆறும்வரை தனியே வையுங்கள். காயமில்லாமல் ஒன்று மட்டும் ஓயாமல் துரத்துகிறதென்றால் துரத்தும் கோழியைப் பிரித்துவையுங்கள். மூன்று நான்கு நாள் கழித்துத் திரும்ப வரும்போது வரிசையில் அதன் இடம் போயிருக்கும், கடைசியிலிருந்து தொடங்கும்.

முட்டைக்கு வரும் முன்

16, 18 வார வயது ஆகும்வரை வளர் தீவனம்தான். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை முதல் நான்கு சதவீதம் இருக்கும். முட்டையிடாத இளங்கோழிக்கு அதை மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். கொண்டையும் தாடையும் வெளிறிய நிறம் மாறிச் சிவந்து பெருத்தாலோ, முதுகில் கை வைத்ததும் கோழி சிறகை விரித்துக் குந்தினாலோ இரண்டு மூன்று வாரத்துக்குள் முட்டை. அப்போது தீவனத்தை மாற்றி, தனிக் கிண்ணத்தில் நொறுக்கிய கிளிஞ்சலும் வைத்து, முட்டைப் பெட்டியின் பலகையை எடுத்துவிடுங்கள். உள்ளே மரச்சீவல் நான்கு அங்குலம் போட்டு, முட்டையிடும் இடத்தைக் காட்ட மரமுட்டை ஒன்றை வையுங்கள்.

முதல் முட்டைகள் சிறியதாக இருக்கும், சில ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையாகவும் வரும், சில வாரத்தில் சீராகும். தரை மூலையில் இடும் கோழியைக் காலையிலேயே கவனித்து, மூலையைக் கிளறி அது குழி பறிக்கும்போதே தூக்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் வாயை மறைத்து நில்லுங்கள். தரையில் கிடக்கும் முட்டையை உடனுக்குடன் எடுத்துவிட்டு அந்த மூலையில் ஒரு செங்கல்லைப் போட்டுவையுங்கள்.